உயிரியல் தேர்வு: மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பள்ளி இறுதி ஆண்டு உயிரியலைப் பல வருடங்களாக நடத்திவருகிறேன், விடைத்தாளும் திருத்துகிறேன். தேர்வு நெருங்கும் மாதங்களில் என்னிடம் வரும் கேள்விகள் ஆண்டுக்கு ஆண்டு பெரிதாக மாறுவதில்லை. அவற்றையும் வகுப்பில் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

உயிரியல் என்றாலே மனப்பாடம்தானே சார்?

பாதி உண்மை. பெயர்களை மனப்பாடம் செய்தே ஆக வேண்டும், அதில் தப்பிக்க வழியில்லை. ஆனால் மதிப்பெண் போவது பெரும்பாலும் பெயரில் இல்லை, பெயர்களுக்கு நடுவே இருக்கும் தொடர்பில்.

ஒரு கேள்வியைப் பாருங்கள்: "ஒரு பூக்கும் தாவரத்தின் இலைச் செல்லில் 24 குரோமோசோம்கள் உள்ளன. அதன் கருவூண் திசுவில் எத்தனை இருக்கும்?" விதைக்குள் கருவுக்கு உணவூட்டுவது கருவூண் திசு. அதில் மூன்று குரோமோசோம் தொகுதிகள் உண்டு என்பதைச் சொல்லும் 'கருவூண் திசு மும்மடியம்' என்ற வரியை வகுப்பில் எல்லோரும் ஒப்பிப்பார்கள். ஆனாலும் 24-ஐ மூன்றால் பெருக்கி 72 என்று எழுதும் தாள்கள் குவியும். ஏன் மும்மடியம் என்று யோசித்தவருக்கு இந்தத் தவறு வராது. இலைச் செல் இருமடியம், அதாவது இரண்டு தொகுதி, அதனால் ஒரு தொகுதி 12. நடுச்செல்லின் இரண்டு துருவ உட்கருக்களில் தலா 12, வந்து சேரும் ஆண் கேமீட்டில் (இனச்செல்லில்) 12. மொத்தம் 36. மனப்பாடம் செய்த வரி அப்படியே சரிதான், அதைப் பயன்படுத்தத்தான் தெரியவில்லை. அதே தாவரத்தின் அண்டச் செல்லில் எத்தனை, வேர் நுனியில் எத்தனை, மகரந்தத் தூளில் இருக்கும் ஓர் ஆண் கேமீட்டில் எத்தனை என்று நீங்களே கேட்டுக்கொண்டால் பாடத்தின் பாதி அதற்குள் வந்துவிடும்.

மூன்று மாதம் இருக்கிறது. எந்தப் பாடத்தில் தொடங்குவது?

மரபியலிலும் மூலக்கூறு மரபியலிலும். இவை இரண்டும் ஊற வேண்டிய பாடங்கள். ஒரே வாரத்தில் முடித்துவிட்டு ஒதுக்கி வைத்தால் தேர்வில் கைவிட்டுவிடும். சூழலியல், மனித நலம் போன்றவற்றைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். வாசிக்க எளிது, மறந்தாலும் சீக்கிரம் திரும்பி வரும். அதற்கு முன்னால், எந்தப் பாடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்ற பட்டியல் உங்கள் பாடத்திட்டத்தில் இருந்தால் அதை எடுத்து மேசைக்கு மேலே ஒட்டிவிடுங்கள். இரண்டு மதிப்பெண் பாடத்தில் இரண்டு வாரம் செலவழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வறையில் உட்கார்ந்தால் ஒன்றுமே வரவில்லை. ஏன்?

அடிக்கடி வரும் கேள்வி இதுதான், மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

புத்தகம் திறந்திருக்கும்போது வருவது அடையாளம் தெரிதல். தெருவில் எதிரே வருபவரைப் பார்த்ததும் 'எங்கேயோ பார்த்த முகம்' என்று தோன்றுகிறதே, அது மாதிரி. தேர்வு கேட்பது அவருடைய பெயரை. முகம் தெரிந்ததால் பெயரும் தெரியும் என்று மனது நம்மை ஏமாற்றிவிடுகிறது. நான்காம் முறை படிக்கும்போது வரி வழுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து 'தெரிந்துவிட்டது' என்று பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம்.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்கள் ஒரு பகுதியைப் படித்த பிறகு, சில சமயம் அதையே மறுபடி படித்தார்கள். சில சமயம் தாளை மூடிவைத்து நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்து சோதித்தபோது மறுபடி படித்ததுதான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். மூடிவைத்து எழுதியது சுமார் 56 சதவீதமும் திரும்பப் படித்தது சுமார் 42 சதவீதமும் நினைவில் இருந்தன. திரும்பத் திரும்பப் படித்தவருக்கு அன்றிரவு கிடைக்கும் நம்பிக்கை அடுத்த வாரம் கைகொடுக்காது.

ஆகவே செய்ய வேண்டியது இது. ஒரு தலைப்பைப் படியுங்கள். சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டும் அலகான நெஃப்ரான் என்றே வைத்துக்கொள்வோம். புத்தகத்தை மூடுங்கள். வெள்ளைத்தாளில் தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்: பௌமானின் கிண்ணம், குளோமருலஸ், அண்மைச் சுருள் நுண்குழல், ஹென்லே வளைவு, சேய்மைச் சுருள் நுண்குழல், சேகரிக்கும் நாளம். எங்கே எது வடிகட்டப்படுகிறது, எங்கே எது திரும்ப உறிஞ்சப்படுகிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். ஓரிடத்தில் நின்றுவிடுவீர்கள். உடனே புத்தகத்தைத் திறக்காமல் ஒரு நிமிடம் தவியுங்கள், அந்தத் தவிப்புக்குப் பலன் உண்டு. பிறகு திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அடுத்த முறை படிக்க வேண்டியது அந்தச் சிவப்பை மட்டும்தான்.

என் மாணவி ஒருத்தி முதல்முறை கொண்டுவந்த தாளில் கருப்பைவிடச் சிவப்பு அதிகம். அழுதுவிட்டாள். மூன்று நாள் கழித்து அதே தலைப்பில் சிவப்பு நான்கு வரி. பத்து நாள் கழித்து ஒரே ஒரு வரி: 'உட்செல் நுண்தமனி, வெளிச்செல் நுண்தமனியைவிட அகலமானது'. அந்த அகலமில்லாமல் குளோமருலஸில் அழுத்தம் இல்லை, அழுத்தமில்லாமல் வடிகட்டுதல் இல்லை என்று அதன் பிறகு அவளே எனக்கு விளக்கினாள்.

இடைவெளி விட்டுத் திரும்பிப் பார்ப்பதும் இதில் அடக்கம். எபிங்ஹாஸ் என்பவர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று 1885-இலேயே அளந்து காட்டினார். மறதி முதல் நாளில்தான் மிக வேகம். அதனால் முதல் திருப்புதல் மறுநாளே இருக்கட்டும். அடுத்தடுத்தவற்றைத் தள்ளித்தள்ளி வைக்கலாம்.

எனக்குப் படம் வரையவே வராது. மதிப்பெண் போய்விடுமா?

போகாது. நாங்கள் தேடுவது ஓவியத்தை அல்ல. ஒரு முறை இதயத்தின் நீள்வெட்டுத் தோற்றம் ஒன்று வந்தது. பென்சிலை விரலால் தேய்த்து நிழல் கொடுத்து, சட்டம் போட்டு மாட்டும் அளவுக்கு அழகு. ஆனால் இடமும் வலமும் மாறிக் கிடந்தன. அடுத்த தாளில் இதயம் உருளைக்கிழங்கு போல இருந்தது, ஆனால் இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் தடிமனாகவும் வலதின் சுவர் மெலிதாகவும் இருந்தன, நான்கு அறைகளுக்கும் பெயர் சரியாக இருந்தது, வால்வுகள் அவற்றின் இடத்தில் இருந்தன. முழு மதிப்பெண் உருளைக்கிழங்குக்குத்தான்.

இடம்-வலம் குழப்பம் இதயப் படத்தில் நிறையப் பேருக்கு வருகிறது. தாளில் இருப்பது உங்களைப் பார்த்து நிற்கும் ஒருவரின் இதயம். அவருடைய இடது, தாளில் உங்கள் வலப்பக்கம். வரையத் தொடங்கும் முன் தாளின் மேல் ஓரத்தில் சிறியதாக 'வ' என்று இடப்பக்கமும் 'இ' என்று வலப்பக்கமும் பென்சிலில் குறித்துக்கொண்டு, முடித்ததும் அழித்துவிடுங்கள்.

மற்றவை சின்னச் சின்னக் கட்டுப்பாடுகள். கூர்மையான பென்சில், ஒரே கோடு, நிழல் வேண்டாம். அரைப்பக்க அளவுக்குக் குறையாமல் வரையுங்கள். குட்டியாக வரைந்தால் குறிக்கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். குறிக்கோட்டுக்கு அளவுகோல், அம்புக்குறி தேவையில்லை. கோட்டின் முனை உறுப்பைத் தொட வேண்டும். அருகே காற்றில் நின்றுவிட்ட கோட்டுக்கு மதிப்பெண் போட மனமிருந்தாலும் போட முடியாது. பெயர்களை ஒரே பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினால் திருத்துபவர் மனதார வாழ்த்துவார்.

அடிக்கடி வரும் பத்துப் பன்னிரண்டு படங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்து நிமிடத்துக்குள் நினைவிலிருந்து வரையப் பழகுங்கள். புத்தகத்தைப் பார்த்து ஐம்பது முறை வரைவதைவிட, பார்க்காமல் ஐந்து முறை வரைவது மேல்.

மைட்டாசிஸ், மியாசிஸ் என்ற இரண்டு செல் பிரிவுகளும் குழம்புகின்றன. எண்ணிக்கை கேட்டால் கை நடுங்குகிறது.

குரோமோசோமை எண்ணாதீர்கள், அதன் இடுக்குப் பகுதியான சென்ட்ரோமியரை எண்ணுங்கள். ஒரு சென்ட்ரோமியர் இருந்தால் ஒரு குரோமோசோம், அதில் ஒரு குரோமாட்டிட் (குரோமோசோமின் ஓர் இழை) தொங்கினாலும் சரி, இரண்டு தொங்கினாலும் சரி. இந்த ஒரு விதியிலேயே பெரும்பாலான குழப்பம் தீரும்.

மனித உடற்செல்லில் 46. டி.என்.ஏ இரட்டிப்பான பிறகும் 46-தான், ஆனால் குரோமாட்டிட்கள் 92. மைட்டாசிஸின் அனாஃபேஸில் சென்ட்ரோமியர்கள் பிரிந்ததும், அந்த ஒரு கட்டத்தில் மட்டும், செல்லுக்குள் 92 குரோமோசோம்கள். செல் இரண்டானதும் தலா 46. மியாசிஸின் முதல் பிரிவில் சென்ட்ரோமியர் பிரிவதில்லை, ஒத்திசைவு ஜோடிகள்தான் (தாய்வழி ஒன்று, தந்தைவழி ஒன்று) பிரிகின்றன. அதனால் முதல் பிரிவு முடிந்ததும் ஒரு செல்லில் 23 குரோமோசோம்கள், 46 குரோமாட்டிட்கள். இரண்டாம் பிரிவு முடிந்ததும் 23, குரோமாட்டிட்டும் 23.

இதையே டி.என்.ஏ அளவாகக் கேட்டுத் திணறடிப்பார்கள். தொடக்கத்தில் 10 அலகு என்றால் இரட்டிப்புக்குப் பின் 20, முதல் பிரிவுக்குப் பின் ஒரு செல்லில் 10, இரண்டாவதுக்குப் பின் 5. குரோமோசோம் எண்ணிக்கை முதல் பிரிவில் பாதியாகிறது, இரண்டாவதில் மாறுவதில்லை. டி.என்.ஏ இரண்டு பிரிவிலும் பாதியாகிறது. இரண்டு நிற நூல் துண்டுகளை மேசைமேல் வைத்து நகர்த்திப் பாருங்கள். சிறுபிள்ளை விளையாட்டு போலத் தோன்றும். நான் இன்றும் வகுப்பில் அதைத்தான் செய்கிறேன்.

மரபியல் கணக்கில் விடை சரியாக வந்தும் மதிப்பெண் குறைகிறதே?

படிகளை எழுதாததால். எந்த எழுத்து எந்தப் பண்பைக் குறிக்கிறது, பெற்றோரின் மரபணு வகை, கேமீட்கள், கட்டம், புறத்தோற்ற விகிதம் என எல்லாவற்றுக்கும் மதிப்பெண் பிரிந்திருக்கும். இதில் கேமீட் வரியில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஒரு கேமீட்டில் ஒவ்வொரு பண்புக்கும் ஓர் அல்லீல்தான், அதாவது மரபணுவின் ஒரு வடிவம்தான், இருக்க முடியும். இரண்டு பண்புக் கலப்பில் ஒரே பண்பின் இரண்டு அல்லீல்களையும் சேர்த்து ஒரு கேமீட் என்று எழுதினால் மேற்கொண்டு எல்லாம் தவறு.

அடுத்தது, கேள்வியின் ஒரு சொல்லைக் கவனிக்காமல் விடுவது. தாய் நிறக்குருட்டின் கடத்தி (குறையுள்ள மரபணு ஒன்று இருந்தும் பார்வை இயல்பு), தந்தைக்குப் பார்வை இயல்பு. "மகன்களில் எத்தனை பங்கினருக்கு நிறக்குருடு வர வாய்ப்பு?" பாதிப் பேருக்கு. "பிள்ளைகளில் எத்தனை பங்கினருக்கு?" கால் பங்கினருக்கு. கட்டம் ஒன்றுதான், கேள்வி வேறு. 'மகன்' என்ற சொல்லின் கீழே கோடு போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்குங்கள்.

விகிதம் என்பது வாய்ப்பு மட்டுமே என்பதும் நினைவிருக்கட்டும். மெண்டலின் பட்டாணியில் இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதைகள் 5474, சுருங்கியவை 1850. வகுத்தால் 2.96. ஏழாயிரத்துக்கு மேல் எண்ணியும் சரியாக மூன்று வரவில்லை. நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் 3:1 அப்படியே இருந்தாக வேண்டும் என்று எழுதினால் எப்படி?

கலைச்சொல்லைத் தமிழில் எழுதுவதா, ஒலிபெயர்த்து எழுதுவதா?

உங்கள் பாடநூலில் உள்ளதுபோல. ஒரே விடையில் ஓரிடத்தில் 'மைட்டாசிஸ்', இன்னோரிடத்தில் 'மறைமுகப் பிரிவு' என்று மாற்றி மாற்றி எழுதாதீர்கள், படிப்பவருக்கு இரண்டு வெவ்வேறு விஷயம் போலப் படும்.

தமிழ்வழியில் படிப்பவர்களுக்கு மட்டுமே உள்ள ஒரு தொல்லையைச் சொல்ல வேண்டும். 'கரு' என்ற ஒரு சொல் எத்தனை வேலை செய்கிறது! செல்லுக்குள் உட்கரு, கருவுற்றபின் வளர்வது கரு, பெண்ணின் உடலில் கருப்பை, பூக்கும் தாவரத்தின் சூலுக்குள் இருப்பதும் கருப்பை. "கருப்பையின் அமைப்பை விவரி" என்ற தாவரவியல் கேள்விக்கு பெண்ணின் கருப்பைச் சுவரின் எண்டோமெட்ரியம், மயோமெட்ரியம் என்று பக்கம் பக்கமாக எழுதிய தாளை நான் திருத்தியிருக்கிறேன். அத்தனையும் சரி, கேள்விக்குச் சம்பந்தமில்லை. கேட்டது ஏழு செல்களும் எட்டு உட்கருக்களும் கொண்ட அந்தச் சிறு பை. கேள்வி எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே பேனாவை எடுங்கள்.

அறிவியல் பெயரை லத்தீன் எழுத்தில் எழுதினால் பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியது, சிற்றினம் முழுக்கச் சிறிய எழுத்து. கையெழுத்தில் இரண்டுக்கும் தனித்தனி அடிக்கோடு.

"காரணம் கூறு" கேள்விக்கு அரைப்பக்கம் எழுதியும் பூஜ்யம். ஏன்?

காரணம் எழுதாததால். "இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் வலதைவிடத் தடிமனாக உள்ளது. காரணம் கூறு." இதற்கு ஒருவர் எழுதியது: 'இதயத்தில் நான்கு அறைகள் உள்ளன. கீழ் அறைகள் வெண்ட்ரிக்கிள்கள். இடது வெண்ட்ரிக்கிளின் சுவர் மிகவும் தடிமனானது.' கேள்வியையே திருப்பிச் சொல்லியிருக்கிறார். இன்னொருவர் இரண்டே வரி: 'வலது வெண்ட்ரிக்கிள் அருகிலுள்ள நுரையீரலுக்கு மட்டும் இரத்தத்தைச் செலுத்துகிறது. இடது வெண்ட்ரிக்கிள் உடல் முழுவதற்கும் அதிக அழுத்தத்தில் செலுத்த வேண்டியிருப்பதால் அதன் தசை தடிமனாக உள்ளது.' இதுதான் விடை. எழுதி முடித்ததும் உங்கள் விடையில் 'ஆல்', 'ஆகவே', 'இதனால்' ஏதாவது ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் காரணமும் இல்லை.

"வேறுபடுத்து" என்றால் ஒரே வரிசையில் ஒரே கூறு. இடப்பக்கம் தமனியின் சுவரைப் பற்றியும் வலப்பக்கம் சிரையின் வால்வைப் பற்றியும் எழுதினால் அது வேறுபாடு ஆகாது. இங்கே இன்னொரு கண்ணி: 'தமனியில் ஆக்சிஜன் மிகுந்த இரத்தம்' என்று மட்டும் எழுதாதீர்கள், நுரையீரல் தமனி அதைப் பொய்யாக்கிவிடும். இதயத்திலிருந்து எடுத்துச் செல்வது தமனி, இதயத்துக்குக் கொண்டுவருவது சிரை.

விஞ்ஞானிகள் பெயரும் ஆண்டும் தலையில் நிற்கவில்லை.

தனித்தனியாக நிற்காது, கதையாகக் கோத்தால் நிற்கும். மரபுப்பொருள் எது என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் கிரிஃபித், கொல்லப்பட்ட நோயுண்டாக்கும் பாக்டீரியாவிலிருந்து ஏதோ ஒன்று உயிருள்ள தீங்கற்ற பாக்டீரியாவை மாற்றுகிறது என்று கண்டார். அந்த 'ஏதோ' டி.என்.ஏ என்று 1944-இல் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி காட்டினார்கள். புரதமாக இருந்தால் என்ன என்ற சந்தேகம் விடவில்லை. 1952-இல் ஹெர்ஷேயும் சேஸும் வைரஸின் புரதத்தைக் கதிரியக்கக் கந்தகத்தாலும் டி.என்.ஏவைக் கதிரியக்கப் பாஸ்பரஸாலும் அடையாளமிட்டு, பாக்டீரியாவுக்குள் முக்கியமாகப் போனது பாஸ்பரஸ்தான் என்று காட்டினார்கள். அப்படியானால் அதன் வடிவம் என்ன? 1953, வாட்சன், கிரிக், அவர்களுக்கு உதவிய ரோசலிண்ட் ஃபிராங்கிளின் எக்ஸ் கதிர்ப் படங்கள். அது எப்படி நகலாகிறது? 1958, மெசல்சன், ஸ்டால். ஒருவர் விட்ட கேள்வியை அடுத்தவர் எடுக்கிறார். கந்தகம் ஏன், பாஸ்பரஸ் ஏன் என்பதும் தேர்வுக்கு வரும்: புரதத்தில் கந்தகம் உண்டு, டி.என்.ஏவில் இல்லை. பாஸ்பரஸ் டி.என்.ஏவின் முதுகெலும்பிலேயே இருக்கிறது.

செல் சுவாசத்தில் ஒரு குளுக்கோஸுக்குக் கிடைக்கும் ஏ.டி.பி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) 38 என்று ஒரு புத்தகம், 36 என்று ஒன்று, 30 அல்லது 32 என்று இன்னொன்று. எதை எழுத?

உங்கள் பாடநூல் சொல்வதை. 38, 36 என்பவை பழைய கணக்கு, 30-32 என்பது பிற்கால அளவீடுகளை ஒட்டியது. தேர்வறையில் இந்த விவாதம் வேண்டாம்.

செய்முறைத் தேர்வுக்குத் தனியாகப் படிக்க வேண்டுமா?

படிப்பதைவிடக் கையால் செய்ய வேண்டும். பெனிடிக்ட் சோதனையில் சூடாக்க மறந்துவிட்டு 'சர்க்கரை இல்லை' என்று எழுதுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. சூடாக்கினால் அளவைப் பொறுத்து நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் சிவப்பாகும். புரதத்துக்கான பையூரெட் சோதனையில் சூடு தேவையில்லை, ஊதா வரும். நுண்ணோக்கியில் எப்போதும் குறைந்த உருப்பெருக்கத்தில் தொடங்குங்கள். கண்ணாடித் துண்டு உடையும் சத்தம் கேட்டால் யார் அவசரப்பட்டார் என்று எல்லோருக்கும் தெரியும்.

என் மகள் இரவு இரண்டு மணி வரை படிக்கிறாள். தடுப்பதா, விடுவதா? (ஒரு தாய் கேட்டது)

தடுங்கள் அம்மா. பகலில் படித்தது மூளையில் நிலைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. தூக்கத்தை வெட்டிப் படித்தால் அன்று படித்ததே பழுதாகும். பத்தரைக்கு விளக்கை அணைத்துவிட்டு, காலையில் எழுந்ததும் முந்தைய நாள் தலைப்பை வெள்ளைத்தாளில் எழுதச் சொல்லுங்கள். அந்தத் தாளை நீங்கள் திருத்த வேண்டியதில்லை, சிவப்பு மை பேனா ஒன்றை மட்டும் பக்கத்தில் வையுங்கள்.

பழைய வினாத்தாள்களில் வந்ததை மட்டும் படித்தால் போதாதா?

போதாது. ஆனால் அவற்றைப் போடாமல் போகவும் கூடாது. கடிகாரம் வைத்து, முழு நேரமும் உட்கார்ந்து, ஒரே மூச்சில் எழுதுங்கள். குறைந்தது நான்கு தாள். மறுநாள் விடைக் குறிப்பைப் பார்த்து நீங்களே கறாராகத் திருத்துங்கள். 'இதைத்தான் சொல்ல வந்தேன்' என்று உங்களுக்கே மதிப்பெண் போட்டுக்கொள்ளாதீர்கள். சொல்ல வந்ததை நாங்கள் படிக்க முடியாது.

தேர்வின் நடுவில் ஒரு பெயர் மறந்துவிட்டால்?

அந்த இடத்தில் இடைவெளி விட்டு மேலே எழுதுங்கள். 'சினர்ஜிட்' என்ற சொல் வரவில்லையென்றால் 'அண்டச் செல்லின் இருபுறமும் உள்ள இரண்டு செல்கள்' என்று எழுதலாம், முழு மதிப்பெண் வராவிட்டாலும் ஒன்றுமில்லாமல் போகாது. பெயர் பெரும்பாலும் வேறு ஏதோ கேள்வி எழுதும்போது தானாக வந்து நிற்கும். வந்ததும் வினாத்தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் அந்த இடைவெளிகளை நிரப்பி, வினா எண்களைச் சரிபார்த்து, படங்களை ஒரு முறை புரட்டுங்கள். பெயர் எழுதாமல் விட்ட குறிக்கோடு ஒன்றாவது அகப்படும்.